பதின்மூன்றாவது மெய்யெழுத்து

வாய்மொழிப் பதிவகத்தின் நான்காவது மாடியில், ஏழாம் மேசையின் விசைப்பலகையில் 'ல' செத்துப்போய்ப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. செத்துவிட்டது என்று எழுதிக் கொடுக்கத்தான் அந்தக் கட்டடத்தில் யாருக்கும் அதிகாரம் இல்லை.

பதிவகம் என்றால் என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். எங்காவது ஒரு விபத்து, ஒரு திருட்டு என்று விசாரணை நடந்தால், கேள்வியும் பதிலும் ஒலிப்பதிவாகி இங்கே வரும். பன்னிரண்டு மேசைகளில் பன்னிரண்டு பேர் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கேட்டதைக் கேட்டபடி தட்டச்சு செய்வார்கள். விசாரணை அதிகாரி அந்தத் தாளைப் படித்துத் தீர்ப்பு எழுதுவார். குரலை மறுபடி அவர் கேட்கக் கூடாது. குரலில் அழுகை இருக்கும், கெஞ்சல் இருக்கும், மனம் இளகிவிடும் என்பதால் தாளை மட்டுமே நம்ப வேண்டும் என்று விதி.

அங்கே யாருக்கும் பெயர் கிடையாது. மேசைதான் பெயர். நம்முடைய ஏழாம் மேசை நாற்பத்திரண்டு வயதுப் பெண்; பதினாறு வருடமாக அடுத்தவர் வாயைக் கேட்டே சம்பளம் வாங்குகிறவள். அவளுடைய ஹெட்போனில் வலப் பக்கம் கேள்வி கேட்பவரின் குரல் வரும், இடப் பக்கம் பதில் சொல்பவரின் குரல் வரும். ஆனால் இடப் பக்கம் கெட்டுப்போயிருந்தது. வயரை ஒரு குறிப்பிட்ட கோணத்தில் மடித்துப் பல்லால் கடித்துக்கொண்டால் வரும். எட்டு மணி நேரம் அப்படிக் கடித்துக்கொண்டே வேலை செய்து, கடைவாய்ப் பல் ஒன்று ஆட ஆரம்பித்திருந்தது.

பல்லை விற்றாவது பதிலைக் கேட்டுவிடலாம். தட்டுவது எப்படி? 'இல்லை' என்று ஒருவர் சொன்னால் தட்ட எழுத்து இல்லை. 'இள்ளை' என்று தட்டிப் பார்த்தாள். திருத்தப் பிரிவுக்காரர்கள் அகராதியில் இல்லாத சொல் என்று அடித்துவிட்டு, அந்த இடத்தை வெள்ளையாக விட்டார்கள். வெள்ளையாக இருக்கும் இடத்துக்கு விதிப்புத்தகத்தில் ஒரு பெயர் உண்டு: 'மறுப்பு பதிவாகவில்லை'. பழைய கோப்பிலிருந்து ஒரு 'ல'வை எடுத்து ஒட்டலாமே என்றால், ரகசியம் காக்கும் பொருட்டு அந்த வழியெல்லாம் கணினியில் பூட்டப்பட்டிருந்தது. பத்தாம் மேசைக்காரர் ஒருமுறை சாமர்த்தியமாக 'இல்ல' வந்த இடத்தில் 'கிடையாது' என்று போட்டார். சொல்லாத சொல்லைச் சாட்சியின் வாயில் திணித்ததாக அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவருடைய நாற்காலியில் இப்போது கோப்புகள் உட்கார்ந்திருக்கின்றன.

ஒரு கிடங்குக் காவலாளியிடமிருந்து கடிதம் வந்தது. "ஐயா, தூங்கினாயா என்று மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் இல்லை என்றேன். தாளில் மூன்று இடமும் வெள்ளையாக இருக்கிறது. வேலை போய்விட்டது" என்று எழுதியிருந்தார். கண்காணிப்பாளர் அதைப் படித்துவிட்டு, நம் தாளின் வெண்மையைப் பொதுமக்கள் கவனிக்கிறார்கள் என்று குறிப்பெழுதிப் பாராட்டுக் கோப்பில் சேர்த்தார். அந்தத் தாளைத் தட்டியது ஏழாம் மேசைதான். அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் கண்காணிப்பாளர் முன்னால் போய் நின்றாள்.

"சார், ல எழுத்து உடைஞ்சுபோச்சு. வேற பலகை வேணும்."

"உடைஞ்சுபோச்சுன்னு எழுதித் தர்றீங்களா?"

"தர்றேன் சார்."

"தந்தா யார் உடைச்சதுன்னு விசாரணை வைக்கணும். உங்களத்தான் கேப்பாங்க. நீங்க உடைச்சீங்களான்னு. என்ன சொல்வீங்க?"

"நான் உடைக்கலன்னு சொல்வேன்."

"அத யார் தட்டச்சு பண்றது? உங்க மேசைக்குத்தான் வரும்." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "யோசிச்சுப் பாருங்கம்மா. உங்க கையாலயே உங்க பதில வெள்ளையா விட்டுட்டு, நாளைக்கு என்ன நொந்துக்கக் கூடாது."

பண்டகசாலைக்குப் போனாள். கதவைத் திறந்ததும் புதுப் பெட்டிகளின் வாசனை அடித்தது. நாற்பது விசைப்பலகை, நாற்பது ஹெட்போன், உறை பிரிக்காமல், உச்சிவரை அடுக்கியிருந்தது. பண்டகக் காப்பாளர் பிள்ளைகளைக் காட்டுவதுபோல் பெருமையாகக் காட்டினார்.

"நாற்பது இருக்கணும்னு பதிவேடு சொல்லுது. எண்ணிப் பாருங்க, நாற்பது இருக்கு. ஒண்ண உங்களுக்குக் குடுத்தா?"

"முப்பத்தொம்பது இருக்கும்."

"அப்ப என் வேலை?" என்று கேட்டுவிட்டு விளக்கை அணைத்தார்.

வீட்டில் இதையெல்லாம் தம்பியிடம்தான் சொல்லிப் புலம்புவாள். தம்பி ஒரு பெரிய மருத்துவமனையில் லிஃப்ட் இயக்குகிறவன். அக்காவும் தம்பியும் இரண்டு அறை வீட்டில் இருந்தார்கள். அவளுக்கு அவனையும் அவனுக்கு அவளையும் விட்டால் ஆள் இல்லை. லிஃப்டில் ஏறி இறங்கும்போது கேட்பதற்காகச் சின்னப் பாட்டுப் பெட்டி ஒன்று வைத்திருந்தான். அதன் ஹெட்போனைக் கழற்றி அவளிடம் நீட்டினான்.

"இத எடுத்துட்டுப் போக்கா. ரெண்டு காதும் நல்லா கேக்கும். வயரக் கடிச்சுக் கடிச்சு நீ பேசுறதே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

கொண்டுபோனாள். வாயிற்காவலர் பையைத் துழாவிப் பிடித்துவிட்டார். பாட்டு கேட்கும் கருவியால் சாட்சியம் கேட்டால் சாட்சியம் இனிமையாகிவிடும் என்று சுற்றறிக்கை இருக்கிறதாம். சொந்தக் காதைத் தவிர வேறெதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று ரசீது எழுதிக் கொடுத்துப் பறித்துக்கொண்டார்.

அப்போதுதான் எட்டாம் மேசை அக்கா அவளை ஓரமாகக் கூப்பிட்டுக் காதில் சொன்னாள். "நீ 'தேவை'ன்னு கேட்டுக்கிட்டு இருக்க. போன வருஷமே இங்க தேவையெல்லாம் தீந்துபோச்சுன்னு மேல எழுதி அனுப்பிட்டாங்க. இல்லாத தேவைய எப்படித் தீப்பாங்க? ஆசைன்னு எழுது. ஆசைப்பட இன்னும் தடை வரல."

பன்னிரண்டு பக்க விருப்ப விண்ணப்பம் ஒன்று இருந்தது. விண்ணப்பதாரர் தம் மேசையிலேயே, தம் விசைப்பலகையிலேயே தட்டச்சு செய்ய வேண்டும். என்ன எழுத்து வரவில்லை என்பதை அந்த எழுத்து இல்லாமல் எப்படித் தட்டுவது என்று ஒரு பகல் முழுக்க யோசித்தாள். கடைசியில் இப்படித் தட்டினாள்: 'பதின்மூன்றாவது மெய்யெழுத்து வராது. புதிய விசைப்ப…' அங்கேயே நின்றுவிட்டாள். விசைப்பலகை என்ற சொல்லிலேயே 'ல' இருந்தது. அடித்துவிட்டு, 'எழுத்து தட்டும் கருவியும் காது கருவியும் புதிதாகக் கிடைத்தாற்போதும் என்று ஆசைப்படுகிறேன்' என்று முடித்தாள்.

பதின்மூன்றாவது மெய்யெழுத்து எது என்பதைத் தீர்மானிக்க ஒரு குழு அமைந்தது. மொழியறிஞர் ஒருவரை வரவழைத்தார்கள். அவர் விரல்விட்டு எண்ணி, அது 'ல' என்று இரண்டாவது அமர்விலேயே கண்டுபிடித்துவிட்டார். அதோடு விட்டிருந்தால் நல்ல மனிதர் என்று சொல்லியிருக்கலாம். "ல, ள, ழ மூன்றும் இருக்கின்றன. மக்களில் பாதிப் பேர் மூன்றையும் ஒரே மாதிரிதான் உச்சரிக்கிறார்கள். மூன்றில் இரண்டு நல்ல நிலையில் இருக்கும்போது மூன்றாவதுக்கு ஆசைப்படுவது ஆடம்பரமா என்று ஆராய வேண்டும்" என்று அறிக்கை தந்தார். ஆராய ஆரம்பித்தார்கள்.

அவர்கள் ஆராய்ந்துகொண்டிருந்த மாதத்தில் மருத்துவமனை லிஃப்ட் அறுந்து விழுந்தது. உள்ளே இருந்த நோயாளி ஒருவர் இறந்துபோனார். தம்பிக்குத் தோளெலும்பு முறிந்தது. கம்பிக் கயிறு தேய்ந்து சத்தம் போடுகிறது என்று அவன் மூன்று முறை நிர்வாகியிடம் சொல்லியிருந்தான். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. விபத்துக்கு மறுநாள் பார்த்தால், கயிறு நல்ல நிலையில் இருக்கிறது என்று பரிசோதனை ஏட்டில் தம்பியின் கையெழுத்து இருக்கிறது. அவன் போடாத கையெழுத்து. நீ போட்டதா என்று கேட்பார்கள். இல்லை என்று அவன் சொல்வான். அந்தப் பதிவு நான்காவது மாடிக்கு வரும்.

பன்னிரண்டு மேசையில் எதற்கும் 'ல' வராது. எல்லாம் ஒரே நாளில் வாங்கியவை. எந்த மேசைக்குப் போனாலும் அவன் பதில் வெள்ளையாகத்தான் விழும். வெள்ளையாக விழுந்தால் ஜெயில். ஏழாம் மேசைக்கு ஒரு யோசனை வந்தது. இத்தனை வருட உத்தியோகத்தில் அவள் பட்ட அறிவெல்லாம் சேர்ந்து வந்த யோசனை அது, வராமலே இருந்திருக்கலாம்.

காலையில் காபி ஆற்றிக் கொடுத்துவிட்டு அவனெதிரே உட்கார்ந்தாள்.

"விசாரணைல நீ 'இல்ல'ன்னு சொல்லவே கூடாது. 'கிடையாது'ன்னு சொல்லு. நீயா சொன்னா அத அப்படியே தட்டலாம், யாரும் கேக்க முடியாது. ல வர்ற எந்தச் சொல்லும் உன் வாயில வரக் கூடாது."

"எந்தச் சொல்லுமா?"

"எந்தச் சொல்லும். சரி, கேக்கிறேன். நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"லிஃப்ட்..." என்று தொடங்கி நிறுத்திவிட்டான். அவன் தொழிலின் பெயரே போயிற்று.

"பெட்டின்னு சொல்லு. ஆளேறுற பெட்டி."

"ஆளேறுற பெட்டிய ஓட்ற வேலை."

"வேலை வேணாம். பணி."

"அக்கா, நாலு மாடிக்கும்..."

"நான்கு."

"காலைல..."

"விடிஞ்சதும்னு சொல்லு."

மூன்று வாரம் இப்படி நடந்தது. மேலே, தலை, கால், வலி, எல்லாம் என்று அவன் வாயிலிருந்து ஒவ்வொரு சொல்லாகப் பிடுங்கினாள். முதலில் சிரித்தான். பிறகு பேசும் முன் யோசிக்க ஆரம்பித்தான். கடைக்குப் போனால் என்ன வேண்டும் என்று கேட்பவனிடம் பதில் சொல்லாமல் நின்றான். கலகலவென்று பேசுகிற பிள்ளை இப்படி ஆகிவிட்டதே என்று நினைத்தாள். ஆனாலும் விடவில்லை.

விசாரணை நாள் வந்தது; பதினொரு மணிக்கு. அவளுக்கு விடுப்புக் கிடைக்கவில்லை. பத்து மணிக்குச் சுற்றறிக்கை வந்தது: விருப்பம் நிறைவேற்றும் விழா, பதினொரு மணி, முதல் மாடிக் கூடம். நிறைவேறும் விருப்பம், ஏழாம் மேசையுடையது.

கண்காணிப்பாளரிடம் ஓடினாள். "சார், ஒரே ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன். ரொம்ப அவசரம் சார்."

"போனெல்லாம் வாசல் பெட்டில பூட்டியிருக்கு. ஒரு மணிக்குத்தான் திறப்பாங்க. மேடையில உங்க ஆசை நிறைவேறப் போகுது, நீங்க இல்லாம எப்படிம்மா?"

மேடையில் ஒரு மேசைமேல் புது விசைப்பலகையும் புது ஹெட்போனும் துணி போர்த்தி வைக்கப்பட்டிருந்தன. இயக்குநர் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்துவிட்டுப் பேசினார்.

"நண்பர்களே, தேவை என்பது ஏழைச் சொல். சென்ற ஆண்டுக் கணக்கெடுப்பில் நம் பதிவகத்தில் ஒரு தேவைகூட இல்லை என்று கண்டறிந்தோம். படிவத்தில் 'இல்லை' என்ற கட்டம் மட்டும்தான் இருந்தது என்று சிலர் குறை சொன்னார்கள். அது சிக்கனம். நான் பதவியேற்று ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இன்றுவரை என் விசைப்பலகையில் ஒரு எழுத்துகூடத் தேயவில்லை. பொருளை எப்படிப் பேணுவது என்பதற்கு வேறு உதாரணம் வேண்டியதில்லை."

கைதட்டல் அடங்கக் காத்திருந்தார்.

"ஓராண்டுக்கு மேல் ஒரு எழுத்து இல்லாமலே இந்தப் பதிவகம் நடந்தது. மக்களிடமிருந்து வந்த கடிதம் எத்தனை தெரியுமா? ஒன்று. அதுவும் பாராட்டு. இதிலிருந்து நாம் என்ன தெரிந்துகொள்கிறோம்? மக்கள் சொல்வதில் பாதி இல்லாமலே நீதி வழங்க முடியும் என்று தெரிந்துகொள்கிறோம். ஆனாலும் தருகிறோம். காரணம், எங்களுக்குப் பெரிய மனது."

ஏழாம் மேசை கூடத்துக் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினொன்றே கால். அவனை உட்கார வைத்திருப்பார்கள். இப்போது யாராவது போய், 'தம்பி, ல வந்துடுச்சு, தாராளமாப் பேசு' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். புகைப்படக்காரர் அவளை விசைப்பலகையை மார்போடு அணைத்துக்கொள்ளச் சொன்னார். ஹெட்போனையும் மாட்டிவிட்டார்கள். நன்றியுரை எழுதித் தந்திருந்தார்கள்; அதைப் படித்தாள். குரல் நடுங்கியதைக் கேட்டு, ஆனந்தம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு மணிக்குப் போனை எடுத்து அழைத்தாள். "நல்லா பேசிட்டேன்க்கா," என்றான் தம்பி. பெரிய பாரம் இறங்கிய குரல். "கஷ்டமாத்தான் இருந்துச்சு. பொறுமையா யோசிச்சு யோசிச்சு சொன்னேன். நீ சாப்ட்டியா?" சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டாள். புதுப் பலகையைப் பற்றிச் சொல்ல வாய் வரவில்லை.

மறுநாள் இரண்டு விஷயம் நடந்தது. புதுக் கருவி உள்ள ஒரே மேசை என்பதால், உயிர்ப்பலி பற்றிய விசாரணைகள் எல்லாம் இனி ஏழாம் மேசைக்கு என்று உத்தரவு வந்தது. புது ஹெட்போனில் மௌனம்கூடத் துல்லியமாகக் கேட்பதால், பதிலுக்கு முன் மூன்று நொடிக்கு மேல் இடைவெளி இருந்தால் '(தயக்கம்)' என்று தட்ட வேண்டும் என்று இன்னொரு உத்தரவு வந்தது. பதிவுகளுக்கு எண் மட்டும்தான், பெயர் கிடையாது. முதல் பதிவை ஓடவிட்டாள். இடக் காதில் தம்பியின் மூச்சு கேட்டது.

உறவினர் பதிவைத் தொடக் கூடாது என்பது விதி. சொல்லியிருக்கலாம். சொன்னால் எட்டாம் மேசைக்குப் போகும். அங்கே பழைய ஹெட்போன்; பாதி வார்த்தை காதில் விழாது. என் கையில் இருந்தால் அவன் சொன்ன ஒவ்வொரு எழுத்தும் தாளுக்கு வரும் என்று நினைத்தாள். தட்ட ஆரம்பித்தாள்.

"அன்னிக்கு லிஃப்ட ஓட்டினது நீங்கதானே?" என்று வலக் காதில் அதிகாரி கேட்டார்.

தயக்கம். "அந்த ஆளேறுற பெட்டிய... நான்தான் ஓட்டினேன்."

"என்ன பெட்டி? லிஃப்டா?"

தயக்கம். "ஆமாங்க. அந்தப் பெட்டி."

"கயிறு தேஞ்சிருக்குன்னு எப்ப சொன்னீங்க?"

தயக்கம். "விடிஞ்சதும்... பணிக்கு வந்ததும்... நிர்வாகிகிட்ட. மூணு தடவ."

ஒவ்வொரு இடைவெளியிலும் அவன் எந்தச் சொல்லை விழுங்கிவிட்டு எந்தச் சொல்லைத் தேடுகிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. எச்சில் விழுங்கும் சத்தம்கூடக் கேட்டது. அத்தனை நல்ல ஹெட்போன்.

"இந்தக் கையெழுத்து உங்களுதா?"

நீண்ட தயக்கம். "கிடையாது."

"உங்களுது இல்லையா?"

"கிடையாதுங்க."

"சாதாரணமா ஒரு மனுஷன் இல்லன்னா இல்லம்பான். நீங்க என்ன, ஒவ்வொரு வார்த்தையும் தேடித் தேடி எடுக்கறீங்க? இப்படிப் பேசணும்னு யாராவது சொல்லிக் குடுத்து அனுப்பினாங்களா?"

அவள் விரல்கள் நின்றன. சாட்சிக்குச் சொல்லிக் கொடுப்பது ஐந்து வருட தண்டனைக்குரிய குற்றம். அது அவனுக்கும் தெரியும்.

"இல்ல," என்றான். இடைவெளியே விடவில்லை. கேள்வி முடியும் முன்பே பதில் வந்துவிட்டது.

அவள் பதிவை நிறுத்தினாள். பன்னிரண்டு மேசைக்கு நடுவே அழ முடியாது. பிறகு அவன் சொன்னதைச் சொன்னபடி தட்டினாள்.

மூன்றாம் நாள் அதிகாரி தாளைப் படித்துவிட்டு, முடிவுரையைத் தம் குரலில் பதிந்து அனுப்பினார். அதுவும் ஏழாம் மேசைக்கே வந்தது.

"சாட்சியின் பதில்களில் பதினேழு தயக்கங்கள் பதிவாகியுள்ளன. உண்மை பேசுபவர் சொல்லைத் தேட வேண்டியதில்லை. யாரேனும் சொல்லிக் கொடுத்தார்களா என்ற ஒரே கேள்விக்கு மட்டும் அவர் தயங்காமல், தெளிவாக, இல்லை என்று கூறியுள்ளார். அந்தப் பதிலை உண்மையென ஏற்கிறேன். ஆகவே பிற தடுமாற்றங்களுக்கு அவர் ஒருவரே பொறுப்பு. கையெழுத்து தம்முடையது அல்ல என்ற கூற்று நம்பத்தக்கது அல்ல."

ஏழாம் மேசை அதையும் தட்டினாள். 'ல' ஓரிடத்தில்கூடச் சிக்கவில்லை.